இயந்திரத்தின் நடுக்கத்தைக் கேட்கப் பழகுவது யார்? எம்பிலிப்பிட்டியவிலிருந்து வாழைச்சேனை வரை

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று பாய்ந்ததே காரணம் என எரிசக்தி அமைச்சர் கூறினார். அந்தக் குரங்கு சில நாட்களுக்கு நாடு முழுவதற்கும் பேசுபொருளாகவும் சிரிப்பாகவும் இருந்தது. ஆனால் அன்று மாலையளவில் மின்சாரம் திரும்பிய பிறகும், திங்களும் செவ்வாயும் ஒன்றரை மணி நேர மின்வெட்டு ஏன் வந்தது என்பதைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசவில்லை. குரங்கு விட்டுப்போன கேள்வி அதுதான்.

நுரைச்சோலையின் மூன்று இயந்திரங்களும் ஒரே நேரத்தில் நின்றுவிட்டன. தலா 300 மெகாவோட் கொண்ட அந்த நீராவிச் சுழலிகளை வீட்டு மின்விசிறியைப் போல ஆளியைத் தட்டி மீண்டும் ஓடவைக்க முடியாது. கொதிக்கும் சூட்டில் நிமிடத்துக்கு 3000 தடவை சுழன்றுகொண்டிருந்த பல தொன் எடையுள்ள இரும்புத் தண்டு திடீரென நின்றால், அதன் மேற்புறமும் கீழ்ப்புறமும் ஒரே சீராகக் குளிர்வதில்லை. சூடு மேலே தங்கும். தண்டு மயிரிழையளவு வளையும். அதனால்தான் நிறுத்திய பின்னரும் அதை மிக மெதுவாக உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மறுபடி வேகம் ஏற்றும்போது ஒவ்வொரு தண்டுக்கும் உரிய ஆபத்தான வேகங்களைக் கடக்க வேண்டியிருக்கும். அந்த வேகங்களில் சிறிய வளைவும் பெரிய நடுக்கமாக மாறும். பெயாரிங்குகளில் பொருத்திய உணரிகள் அளவு மீறியதெனச் சொன்னால் இயந்திரம் தானாகவே நின்றுவிடும். பொறியியலாளர் மீண்டும் ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டியதுதான். பெரிய அனல்மின் நிலையம் ஒன்று மீண்டெழ நாட்கணக்கில் ஆவதற்குப் பல காரணங்கள் உண்டு. இந்த நடுக்கம் அவற்றுள் ஒன்று.

இந்த நடுக்கத்தை அளந்து, அது எதைச் சொல்கிறது என்று படித்தறியும் தொழிலுக்குத்தான் அதிர்வுப் பகுப்பாய்வு என்று பெயர். உலகெங்கும் பொறியியலாளர்களுக்கும் தொழில்நுட்பவியலாளர்களுக்கும் இது தனிப் பயிற்சியாக வழங்கப்படுகிறது. நம்மவர்களுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். அதற்கு எம்பிலிப்பிட்டியவிலிருந்து தொடங்குவது நல்லது.

எம்பிலிப்பிட்டிய என்றதும் மனித உரிமை விவகாரங்களைத் தொடர்பவர்களுக்கு நினைவுக்கு வருவது, ஜே.வி.பி. கிளர்ச்சிக் காலத்தில் காணாமல் ஆக்கப்பட்ட பாடசாலை மாணவர்கள்தான். ஓர் அதிபரும் இராணுவத்தினர் சிலரும் 1999 இல் அதற்காகத் தண்டிக்கப்பட்டனர். வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர் தொடர்பில் இந்த நாட்டின் நீதிமன்றம் தண்டனை வழங்கிய அரிதான வழக்கு அது. அந்த ஊருக்கு இன்னொரு முகமும் உண்டு. இரத்தினபுரி மாவட்டத்தின் தெற்கு எல்லையில், வளவை கங்கையை அண்டிய அந்த உலர்நிலப் பகுதி, இயந்திரங்களால் உருவான ஊர். சமனலவெவ நீரைக்கொண்டு இயங்கும் 120 மெகாவோட் மின்நிலையம் அந்தப் பக்கத்து மலையடியில் 1992 முதல் இயங்குகிறது. தலா 60 மெகாவோட் கொண்ட இரண்டு சுழலிகள். எண்ணெயில் ஓடும் 100 மெகாவோட் தனியார் மின்நிலையம் 2005 இல் வந்தது. அதன் பத்தாண்டு ஒப்பந்தம் 2015 இல் முடிந்த பிறகும், மின்தட்டுப்பாடு வந்தபோது மீண்டும் அதனிடமே போக நேர்ந்தது. இவற்றுக்கெல்லாம் முன்னரே அங்கே ஒரு கடதாசி ஆலை இருந்தது.

அந்த ஆலைக்கு ஓர் அண்ணன் உண்டு. அது வாழைச்சேனையில் இருக்கிறது.

கிழக்கிலங்கை கடதாசி ஆலைக் கூட்டுத்தாபனம் என்ற பெயரில் 1950களின் நடுப்பகுதியில் வாழைச்சேனை ஆலை தொடங்கப்பட்டது. எழுபதுகளின் இறுதியில் எம்பிலிப்பிட்டிய ஆலையும் வந்து சேர, இரண்டும் தேசிய கடதாசிக் கூட்டுத்தாபனத்தின் கீழ் இயங்கின. இரண்டுக்கும் மூலப்பொருள் வைக்கோல். மட்டக்களப்பின் வயல்கள் ஒன்றுக்கும், வளவைத் திட்டத்தின் வயல்கள் மற்றதற்கும் தீனி போட்டன. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் எழுதிய அப்பியாசக் கொப்பிகளின் அந்த மங்கிய நிறத் தாள் இங்கிருந்துதான் வந்தது.

கடதாசி இயந்திரத்தை ஒரு முறையாவது அருகில் நின்று பார்த்தவர்களுக்கு, நடுக்கம் என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. ஈரக்கூழ் ஒரு முனையில் நுழைந்து, உருளை உருளையாகப் பிழிபட்டு, உலர்த்தப்பட்டு, மறுமுனையில் சுருளாக வெளிவரும். ஒவ்வோர் உருளையின் இரு முனைகளிலும் பெயாரிங் உண்டு. எங்காவது ஓர் உருளை வட்டத்திலிருந்து சற்றே பிசகினால் அது சுழலும் ஒவ்வொரு தடவையும் தாளில் ஒரு கோடு விழும். தாளைப் பார்த்தே எந்த உருளை நோயில் விழுந்திருக்கிறது என்று சொல்லும் பழைய ஆட்கள் இத்தகைய ஆலைகளில் எப்போதும் இருப்பார்கள். கோடுகளுக்கிடையிலான தூரத்தை அளந்து உருளையின் சுற்றளவோடு ஒப்பிடுவது, எந்தப் பாடநூலிலும் படிக்காமலே செய்யப்படும் அதிர்வுப் பகுப்பாய்வுதான்.

இரண்டு ஆலைகளும் மௌனமாயின. வாழைச்சேனைக்குப் போர் வந்தது; ஆலை வளாகத்தில் இராணுவம் நிலைகொண்டது; தொழிலாளர் சிதறினர். எம்பிலிப்பிட்டியவுக்கு அந்தப் போர் வரவில்லை. அங்கே வளவை கங்கையில் கலந்த கழிவுநீர், திறந்த சந்தையில் வந்திறங்கிய மலிவான வெளிநாட்டுக் கடதாசி, பழசாகிப்போன இயந்திரம் ஆகியவை போதுமானவையாக இருந்தன. நம்முடைய தொழிற்சாலைகள் எல்லாவற்றையும் போர்தான் கொன்றது என்று நாம் எழுதிப் பழகிவிட்டோம். காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலைக்கும் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலைக்கும் அது பெரும்பாலும் உண்மை. வாழைச்சேனைக்கோ அது பாதி உண்மைதான். போர் நடக்காத ஊரிலிருந்த தம்பி ஆலையும் பிழைக்கவில்லை என்பதைச் சேர்த்தே யோசிக்க வேண்டும். பராமரிப்புக்குப் பணமும் ஆளும் ஒதுக்காத அரச கூட்டுத்தாபனம் ஒன்றுக்கு எதிரி வெளியிலிருந்து வரவேண்டியதில்லை.

வாழைச்சேனை ஆலை 2021 இல் பழைய கடதாசியை மூலப்பொருளாகக் கொண்டு மீண்டும் இயக்கப்பட்டது. காங்கேசன்துறை, பரந்தன், மாங்குளம் ஆகிய இடங்களில் கைத்தொழில் வலயங்கள் அமைக்கப்படும் என்று தற்போதைய அரசாங்கம் அறிவித்திருக்கிறது. அறிவிப்புகள் வரும்போதெல்லாம் எத்தனை ஏக்கர், எத்தனை கோடி, எத்தனை வேலைவாய்ப்பு என்று கேட்கிறோம். அந்த இயந்திரங்களை யார் பராமரிக்கப் போகிறார்கள் என்று கேட்பதில்லை.

இந்தப் பயிற்சியில் என்னதான் கற்பிக்கிறார்கள்? அடிப்படை எளிமையானது. நிமிடத்துக்கு 1500 தடவை சுழலும் மோட்டர் ஒன்று செக்கனுக்கு 25 தடவை சுழல்கிறது. அதன் உடம்பில் ஓர் உணரியை ஒட்டி அளக்கும்போது, செக்கனுக்கு 25 என்ற இடத்தில் நடுக்கம் ஓங்கி நின்றால் பெரும்பாலும் எடை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பொருள். விசிறியின் ஓர் இலையில் தூசி படிந்திருந்தாலே போதும். 50 இல் ஓங்கினால் மோட்டரின் தண்டும் பம்பின் தண்டும் ஒரே நேர்கோட்டில் இல்லை என்ற ஐயம் எழும். 25, 50, 75, 100 என்று வரிசையாகக் கூர்முனைகள் வந்தால் அடித்தளத்து போல்ட் எங்கோ தளர்ந்திருக்கலாம். பெயாரிங்கின் நோய் இந்த முழு எண்களில் விழாது. எட்டுக் குண்டுகள் கொண்ட பெயாரிங்கின் வெளி வளையத்தில் ஒரு கீறல் விழுந்திருந்தால், அது செக்கனுக்கு ஏறத்தாழ 80 என்ற இடத்தில் தட்டிக்கொண்டிருக்கும். மின்சாரக் கோளாறு நம் நாட்டில் 100 இல் தெரியும். அதில் ஒரு சின்னத் தந்திரமும் உண்டு: மின்சாரத்தைத் துண்டித்த கணமே நடுக்கம் மறைந்தால் கோளாறு மின்சுருளில், சுழற்சி குறையக் குறைய நடுக்கமும் மெல்லக் குறைந்தால் கோளாறு இரும்பில்.

எவ்வளவு நடுக்கம் தாங்கலாம் என்பதற்குச் சர்வதேச நியமங்கள் உள்ளன. நடுத்தர அளவு மோட்டர் ஒன்றுக்குச் செக்கனுக்கு 2.8 மில்லிமீற்றர் வரை கவலையில்லை, 7.1 ஐத் தாண்டினால் நிறுத்து என்று பல ஆண்டுகளாகத் தொழிற்சாலைச் சுவர்களில் ஒட்டப்பட்டிருக்கும் அட்டவணை சொல்கிறது. ஆனால் தேர்ந்தவர்கள் அந்த எண்ணைவிடச் சென்ற மாதத்து எண்ணைத்தான் முதலில் பார்ப்பார்கள். 1.5 இல் இருந்த இயந்திரம் மூன்று மாதத்தில் 2.5 ஆனால், அட்டவணைப்படி அது நல்ல இயந்திரம். அனுபவப்படி அது வைத்தியரிடம் போகவேண்டிய இயந்திரம்.

இத்துறையில் ஆட்களுக்குச் சான்றிதழ் வழங்கவும் ஒரு சர்வதேச நியமம் இருக்கிறது. நான்கு படிகள். முதற்படிக்கு முப்பது மணி நேரப் பயிற்சியும் ஆறு மாத அனுபவமும் போதும். நான்காம் படிக்கு ஐந்து ஆண்டு அனுபவம் வேண்டும். பட்டம் கட்டாயமல்ல என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. உயர்தரத்தில் கணிதப் பிரிவில் சித்தியடையாத ஒரு தொழில்நுட்பவியலாளரும் இந்தப் படிகளில் ஏறலாம். வளைகுடா நாடுகளின் எண்ணெய் ஆலைகளிலும் மின்நிலையங்களிலும் இந்தச் சான்றிதழைக் கேட்டு ஆள் எடுக்கிறார்கள். சாரதியாகவும் துப்புரவுப் பணியாளராகவும் நம் இளைஞர்கள் போகிற அதே நாடுகள்தான் அவை.

காதால் கேட்டு நோய் சொல்லும் கலை நம்மிடம் இல்லாததல்ல. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தை யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் வாழ்ந்து கடந்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, உதிரிப்பாகம் இல்லை. மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியது. கொஞ்சம் பெற்றோலைத் துளித்துளியாகவிட்டு உதைத்துத் தொடக்கிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். நீர் இறைக்கும் இயந்திரத்தின் தலையில் திருப்புளியின் நுனியை வைத்து, அதன் பிடியைக் காதோடு ஒட்டி, கண்ணை மூடிக்கொண்டு நின்ற மெக்கானிக்குகளை அந்தத் தலைமுறை மறக்காது. "இது வால்வுச் சத்தம் இல்லைத் தம்பி, அடியிலை பெயாரிங் போகுது" என்று சொல்லிவிட்டு, அந்தப் பெயாரிங்கை எங்கே தேடுவது என்று யோசித்தவர்கள் அவர்கள். அந்த அறிவு எழுதப்படவில்லை. பலர் இறந்துபோனார்கள், பலர் புலம்பெயர்ந்தார்கள், மிஞ்சியவர்களின் பட்டறைக்குப் பிள்ளைகள் வருவதில்லை. சான்றிதழ் இல்லாத அறிவுக்குப் போர் முடிந்த பிறகு விலை இல்லாமல் போனது. திருப்புளிக்குப் பதிலாக உணரியும், காதுக்குப் பதிலாகத் திரையும் வந்திருக்கின்றன என்பதைத் தவிர, அந்த மெக்கானிக் செய்ததற்கும் இன்றைய பகுப்பாய்வாளர் செய்வதற்கும் அடிப்படையில் பெரிய வேறுபாடு கிடையாது.

இதைப் புறக்கணித்தால் என்ன நடக்கும் என்பதற்கு மிகக் கொடிய உதாரணம் சைபீரியாவில் இருக்கிறது. 2009 ஓகஸ்ட் 17 ஆம் திகதி காலை, சயனோ சுசென்ஸ்காயா நீர்மின் நிலையத்தின் இரண்டாவது சுழலி தன் இருக்கையிலிருந்து பெயர்ந்து மேலே எழுந்தது. பின்னாலிருந்த அணையின் நீர் மண்டபத்துக்குள் பாய்ந்தது. 75 பேர் இறந்தார்கள். 640 மெகாவோட் கொண்ட அந்தச் சுழலியின் நடுக்கம், விபத்துக்கு முன்னரே அனுமதிக்கப்பட்ட அளவைப் பன்மடங்கு தாண்டியிருந்தது விசாரணையில் தெரியவந்தது. மூடியைப் பிடித்திருந்த போல்ட்டுகள் பல, ஆண்டுக்கணக்கான நடுக்கத்தால் களைத்து வெடிப்புக் கண்டிருந்தன. முந்தைய இரவு வேறொரு மின்நிலையத்தில் ஏற்பட்ட தீயினால், தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் பொறுப்பு இந்த நிலையத்தின் தலையில் விழுந்தது. ஒவ்வொரு தடவை கூட்டும்போதும் குறைக்கும்போதும் அந்தச் சுழலி ஓடக்கூடாத சுமை எல்லையைக் கடந்து போய்வந்தது.

அந்தச் செய்தியை இலங்கைக்கு ஏன் கொண்டுவர வேண்டும்? சமனலவெவவில் அப்படி நடக்கப்போகிறது என்று பயமுறுத்துவதற்காக அல்ல. சமனலவெவவில் இருப்பவை பிரான்சிஸ் வகைச் சுழலிகள். சைபீரியாவில் இருந்ததும் அதே வகை. இவற்றைப் பாதிச் சுமையில் ஓட்டும்போது கீழ்க்குழாயில் நீர் கயிறுபோல் முறுக்கிக்கொண்டு சுழலும். அது தண்டின் வேகத்தில் நான்கில் ஒன்று, மூன்றில் ஒன்று என்ற மெதுவான தாளத்தில் இயந்திரத்தை உலுக்கும். முழுச்சுமையில் அது இராது. முன்பெல்லாம் நீர்மின் நிலையங்களைக் காலையும் மாலையும் தேவை பார்த்து இயக்கினால் போதுமாக இருந்தது. இப்போது வீட்டுக் கூரைகளில் சூரிய மின்சாரம் பெருகிவிட்டது. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கேள்வி குறைவு, பகலில் உங்கள் சூரியப் படலங்களை நிறுத்திவையுங்கள் என்று மின்சார சபையே வீட்டுக்காரர்களிடம் கேட்க வேண்டிய நிலை வந்தது. பெப்ரவரி இருளின் பின்னணியிலும் ஞாயிறு பகலின் குறைந்த கேள்வியும் நிறைந்த சூரிய மின்சாரமும் இருந்தன. மேகம் ஒன்று கடந்தால் எங்கோ ஒரு நீர்ச்சுழலி கூடவேண்டும், வெயில் திரும்பினால் குறையவேண்டும். பழைய இயந்திரங்கள் பழக்கமில்லாத வேலையைச் செய்யத் தொடங்கியிருக்கின்றன. அவற்றின் நாடியைப் பிடித்துப் பார்க்கும் ஆட்கள் முன்னரைவிட இப்போதுதான் அதிகம் தேவை என்பது என் கணிப்பு.

ஆனால் ஆட்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள். 2022 நெருக்கடிக்குப் பிறகு பொறியியலாளர்களும் தேர்ந்த தொழில்நுட்பவியலாளர்களும் நாட்டைவிட்டு வெளியேறியது எல்லோரும் அறிந்த கதை. இலங்கை மின்சார சபையைப் பல நிறுவனங்களாகப் பிரிக்கும் சட்டம் 2024 இல் நிறைவேறி 2025 இல் திருத்தப்பட்டது. பிரிப்பது சரியா தவறா என்ற விவாதம் வேறு. பிரிக்கும்போது, இருபது வருடம் ஒரே சுழலியின் அருகில் நின்று அதன் குணம் அறிந்தவர் ஓய்வு பெற்றுப் போனால், அவர் தலைக்குள் இருந்தது எந்த நிறுவனத்தின் சொத்துப் பட்டியலிலும் வராது.

சப்ரகமுவையில் இந்தக் கேள்வி மின்நிலையங்களோடு நிற்பதில்லை. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலைத் தொழிற்சாலைகளில் கொழுந்து வாட்டும் விசிறிகள், உருட்டும் இயந்திரங்கள், உலர்த்திகள் இரவிரவாக ஓடுகின்றன. கொழுந்து காத்திருக்காது. உலர்த்தியின் விசிறி நள்ளிரவில் நின்றால் அந்த நாளின் கொழுந்து பழுதாகும், விலை விழும், சுமை கடைசியில் தோட்டத்துத் தொழிலாளியின் தலையிலோ சிறுதோட்டக்காரரின் தலையிலோதான் இறங்கும். அந்த விசிறிகளின் நோய்களில் பெரும்பாலானவை தூசி படிந்த இலையும், தேய்ந்த பெயாரிங்கும், தளர்ந்த போல்ட்டும்தான். முதற்படிப் பயிற்சி பெற்ற ஒருவரும், கையில் அடங்கும் ஒரு கருவியும், மாதத்துக்கு ஒரு தடவை சுற்றிவரும் ஒழுங்கும் இருந்தால் நாலைந்து தொழிற்சாலைகளுக்குப் போதும். அந்த ஒருவர் தோட்டத்து லயத்தில் பிறந்த பிள்ளையாக ஏன் இருக்கக்கூடாது?

இங்கேதான் மொழி குறுக்கே வருகிறது. தெற்கில் தொழிற்பயிற்சி நிலையங்களில் பாடம் பெரும்பாலும் சிங்களத்தில் நடக்கிறது. சாதாரண தரத்தோடு பாடசாலையைவிட்டு வந்த தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளை, பயிற்சியின் முதல் வாரத்திலேயே பின்வாங்க அதுவே போதும். தமிழில் பயிற்சி நடக்கும் இடம் வடக்கில் இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் ஜேர்மன் உதவியுடன் 2016 இல் திறக்கப்பட்ட தொழிற்பயிற்சி நிறுவனமும், அதன் அருகே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் உள்ளன. ஒரே நகரில் பொறியியலாளரும் தொழில்நுட்பவியலாளரும் உருவாகும் இடம் தமிழ்ப் பகுதிகளில் வேறு கிடையாது. அதிர்வுப் பகுப்பாய்வு இந்த இருவரும் சேர்ந்து செய்யும் தொழில்: ஒருவர் நடந்து அளப்பவர், மற்றவர் அமர்ந்து படிப்பவர்.

இன்னொன்றும் உண்டு. 1977 இலும் 1981 இலும் 1983 இலும் அடித்து விரட்டப்பட்ட சப்ரகமுவத் தோட்டத்து மக்கள் பலர் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் குடியேறினார்கள். 2009 இல் முள்ளிவாய்க்கால்வரை நடந்தவர்களில் அவர்களும் இருந்தார்கள். இரத்தினபுரியில் தேயிலை உலர்த்திக்கு விறகு போட்டவரின் பேரப்பிள்ளை இன்று அறிவியல் நகரிலிருந்து நடக்கும் தூரத்தில் வசிக்கலாம். அந்தப் பிள்ளைக்கு ஒரு கருவியும் முப்பது மணி நேரப் பாடமும் கொடுக்க எந்தச் சர்வதேச மாநாடும் கூடவேண்டியதில்லை. பல்கலைக்கழக ஆய்வுகூடமும் தொழிற்பயிற்சி நிறுவனத்தின் பட்டறையும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தால், புலம்பெயர்ந்த பொறியியலாளர்களில் இத்துறையில் வேலை செய்பவர்கள் விடுமுறையில் வந்து இரண்டு வாரம் நின்று சொல்லிக்கொடுத்தால், முதற்படி ஆட்கள் பத்துப் பேர் ஒரே வருடத்தில் வந்துவிடுவார்கள். கோயில் கோபுரத்துக்கும் மைதானத்து விளக்குக்கும் சேர்க்கிற பணத்தோடு ஒப்பிட்டால் கருவியின் விலை பெரிதல்ல.

பத்துப் பேரும் பழகுவதற்கு இயந்திரம் வேண்டும். அறிவியல் நகரிலிருந்து கிழக்கே போனால் வாழைச்சேனை ஆலை. வடக்கே போனால் சுன்னாகத்தில் 2013 முதல் இயங்கும் உத்துறு ஜனனி, 24 மெகாவோட், எண்ணெயில் ஓடும் எஞ்சின்கள். இரண்டும் அரச சொத்து. உள்ளே போய் அளக்க அனுமதி தருவது அமைச்சுகளின் கையில் இருக்கிறது.